நான்காம் விதியும் வலி மாத்திரையும்

எங்கள் ஊர் வாலிபால் அணிக்கு நான்தான் பயிற்சியாளர் என்று காகிதத்தில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு பந்தையாவது வலைக்கு மேலே அனுப்பியிருக்கிறேனா என்றால், இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் பயிற்சியாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தைக் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது. முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன், அதில் கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர். ஒரு கட்டம் காலியாக இருந்தது என்பதற்காகவே எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் என் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஓய்வு பெற்றுப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கே திரும்பி வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் இரண்டு தினசரி, பிறகு ரத்த அழுத்த மாத்திரை, பிறகு முட்டி வலி மாத்திரை, பிறகு சாயங்காலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. வீட்டில் உட்கார முடியாமல் ஒரு நாளைக்கு நான்கு முறை படகுத்துறை வரை நடந்துவிட்டு வருவேன். எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது, என்னைப் பார்ப்பவர்களுக்கும் தெரியாது. அப்படி அலைந்துகொண்டிருந்தவனைத்தான் ஊர்த் தலைவர் பிடித்து, ஊர் நோட்டில் சில விதிகளை எழுதித் தரச் சொன்னார்.

விஷயம் பாடு பற்றியது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் வரும் இடங்களில் எல்லாரும் எல்லா நாளும் வலை கட்ட முடியாது. எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் சீட்டுக் குலுக்கி வரிசை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு உள்ள வீட்டு ஆண் ஒருவன் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். இறங்காவிட்டால் அந்த நாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வாலிபால் ஆடும் பையன்களுக்கு இது பெரிய தொல்லை. போட்டி நாளும் பாடு நாளும் ஒன்றாக வந்து விழும். ஆகவே ஆடுகிறவனின் பாடு நாளில் ஊரில் வேறு யாராவது இறங்குவது, பிடித்தது முழுக்க அவன் வீட்டுக்கே போவது என்று பேசி முடித்தார்கள். இதற்கு விலக்கு என்று பெயர். நல்ல ஏற்பாடு. நான் அதை எழுதப் போனபோதுதான் கெட்டது.

மொத்தம் ஐந்து விதிகள் எழுதினேன். முதல் மூன்றும் சாது. நான்காவதுக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின பருவத்தில் ஒருவன் கால் சுளுக்கு என்று சொல்லி ஆடாமல் இருந்துகொண்டே இறாலை மட்டும் வாங்கிக்கொண்டான். அதே வாரம் ஏரியில் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் புதிதல்ல. மருத்துவ விடுப்பில் போய்த் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் விளக்கம் கேட்டே தலை நரைத்தவன் நான். ஆகவே இப்படி எழுதினேன்: "காயத்தாலோ உடல்நலக் குறைவாலோ ஆட்டத்துக்கு வர இயலாதவரின் விலக்கு அன்றே ரத்தாகும். அவர் வீட்டுப் பாடு அந்தப் பருவம் முழுவதும் அடுத்த வீட்டைச் சேரும்." ஐந்தாவது விதி, விதிகளைத் திருத்த ஏழு நாள் அறிவிப்பும் முக்கால்வாசி வீடுகளின் சம்மதமும் வேண்டும் என்றது.

படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அன்று படகுத்துறைக்கு ஒரு முறைதான் போனேன்.

எங்கள் அணியில் அடிப்பவன் ஒருவன் இருந்தான். வயது இருபத்தொன்று, இடது கைக்காரன். அவன் எழும்பி அடிப்பதைப் பார்ப்பதற்காகவே அனுப்பம்பட்டுப் பக்கத்து நெல் விவசாயிகள் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அப்பனுக்கு ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது, தண்ணீரில் இறங்க முடியாது. அம்மா கூடையில் இறால் எடுத்துப் போய் விற்பவள். அந்த வீட்டில் இறங்கக்கூடிய ஆண் இவன் ஒருவன்தான். இவனும் ஆடப் போய்விடுவதால், விலக்கு இருக்கிற வரைக்கும்தான் அந்த வீட்டுக்குப் பாடு.

பருவம் தொடங்கிய புதிதில் ஒரு காலை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சார், முட்டிக்குப் போடுவீங்களே, அந்த மாத்திரை ஒண்ணு இருக்குமா?"

"யாருக்கு?"

"நைனாவுக்கு."

ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னேன். பெருந்தன்மையாக இருந்தது. அவன் வலது கையை நீட்டி வாங்கினான். இடது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. இடது கைக்காரன் வலது கையால் வாங்குகிறானே என்று கவனித்தேன். மனதில் குறித்தும் வைத்தேன். நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. எனக்கு நன்றாகப் பழகிய வேலை.

பிறகு ஆட்டங்களுக்கு அவர்களோடு போகப் போக மற்றதெல்லாம் தெரிய வந்தது. மாத்திரை அட்டைகள் செட்டரின் பையில் காலுறைகளுக்கு நடுவே இருக்கும். செட்டர் என்றால் அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். எங்கள் செட்டர் அவனுக்குப் பக்கத்து வீடு, பாடு வரிசையிலும் அடுத்த வீடு. வாய் ஓயாதவன். ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொன்று எடுத்துத் தருவான். "மூணாவது செட்டுக்குப் போவும் மச்சான், ரெண்டா போட்டுக்க" என்பான். பெரிய ஆட்டம் என்றால் அடிப்பவனுக்கு மருந்துக்கடையில் ஊசி. தோளில் போடச் சொன்னால் இடுப்பில்தான் போடுகிறார்கள், தோளுக்கு அது எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது என்று அதையும் ஒரு சிரிப்பாகப் பேசிக்கொள்வார்கள்.

ஆட்டம் முடிந்தால் சரக்கு. ஜெயித்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் எளாவூர் தாண்டி ஆந்திராவுக்குள் போய்ப் பெட்டியாக வாங்கி வருவார்கள். தோற்றால் இவர்களே பங்கு போட்டுக் குடிப்பார்கள். வயசுப் பிள்ளைகள் கொண்டாட்டம் என்றே நினைத்திருந்தேன். ஊசி வேகம் இறங்கியதும் தோள் பிடுங்கி எடுக்கும், குடித்தால்தான் தூக்கம் வரும் என்று செட்டர் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன். மாத்திரையும் சாராயமும் ஒரே வயிற்றுக்குள் போகக் கூடாது என்பது என் மாத்திரை அட்டையின் பின்புறத்திலேயே அச்சடித்திருந்தது. அச்சில் இருக்கும் எதையும் நான் படிக்காமல் விட்டவனில்லை.

அரையிறுதிக்கு முன்னால் ஒரு வாரமாக அடிப்பவனுக்கு மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. இதைப் பின்னால்தான் சொன்னார்கள். செட்டரிடம் சொல்லியிருக்கிறான். கணவாய் தின்றாயா என்று செட்டர் கேட்டிருக்கிறான். அந்த வாரம் அவன் வீட்டில் இரண்டு நாள் கணவாய்க் குழம்பு. மையைச் சரியாக எடுக்காமல் ஆக்கினால் அப்படித்தான் போகும் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். விஷயம் அதோடு முடிந்தது. அனுப்பம்பட்டுக்காரனாக இருந்தால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பான். இவர்களுக்குக் கணவாய் தெரிந்திருந்ததுதான் வினை.

அரையிறுதி உள்நாட்டு ஊர் ஒன்றில், அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்திப் போட்ட ஆடுகளத்தில் நடந்தது. மூன்று செட்டும் போனது. அவன் முகம் வெளுத்து, குளிர்காலத்துப் பகலிலும் தண்ணீர் ஊற்றினமாதிரி வேர்த்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடது கையை வலது கையால் பிடித்துக் கீழே கொண்டுவருவான். கூட்டத்துக்கு அது ஒரு ஸ்டைல். விசிலடித்தார்கள். கடைசிப் புள்ளியும் அவன் அடித்ததுதான்.

திரும்பி வருகையில் பொழுது இன்னும் இருட்டவில்லை. குட்டியானை வண்டியின் பின்பக்கத்தில் எல்லாரும், முன்னால் ஓட்டுநரோடு நான். பின்னால் பாட்டில் திறக்கும் சத்தமும் தோற்ற ஊரைப் பற்றிய கேலியும் கேட்டுக்கொண்டே வந்தது. ஏரிப் பாலத்துக்கு முன்னால் யாரோ வண்டியின் தகட்டைத் தட்டினார்கள். நிறுத்தினோம். அவன் இறங்கிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். முதலில் வந்தது காபித் தூள் வண்டல் போல இருந்தது. அடுத்து வந்தது சிவப்பு. செட்டர் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

நான் பக்கத்தில் போனேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான்.

"சார், முழுசா ஆடிட்டேன் இல்ல? ஸ்கோர் சீட்டுல பேரு கீது இல்ல?"

"கீதுப்பா."

"அப்ப நம்ம பாடு போவாது இல்ல சார்?"

தோள் பிய்ந்துபோன ஒருவன் ஒரு பருவம் முழுக்க ஏன் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை என்று அந்தப் பாலத்தடியில்தான் எனக்குப் புரிந்தது. சின்ன வலி என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே உட்கார்ந்திருந்தால் ஆறியிருக்கும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் நோட்டில் எழுதி அடைத்து வைத்திருந்தேன்.

பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்டார். செட்டர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான். நீங்கள் யார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். கோச் என்றேன். வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் ஆட்டத்தை நினைக்கவே கூடாது என்றார்.

ஊர்க் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடியது. அந்தப் புதன்கிழமை அவன் வீட்டுப் பாடு. தலைவர் நோட்டைப் பிரித்து நான்காம் விதியைப் படித்தார். என் வாக்கியம் அவர் வாயில் மிகச் சரளமாக வந்தது. விலக்கு ரத்து, பாடு அடுத்த வீட்டுக்கு. அடுத்த வீட்டுக்காரர் செட்டரின் அப்பா. அவர் மணலைக் கீறிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, இறால் வருகிற நாள் அது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அடிப்பவனின் அம்மா முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். என்னைத்தான் கேட்டாள்.

"இத்த எழுதினது நீதான ணா?"

"நான்தாம்மா."

"அப்ப நீயே அழி."

"அழிக்கறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்."

"எம் புள்ள ரத்தமா கக்கறதுக்கு ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்தானா ணா?"

நான் எழுந்து போய்த் தலைவர் கையிலிருந்த நோட்டை வாங்கி, சட்டைப் பையிலிருந்த பேனாவால் நான்காம் விதியின் மேல் இரண்டு கோடு போட்டேன். என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பிலும் ஒரு அடித்தல் திருத்தத்தைச் சுருக்கொப்பம் இல்லாமல் விட்டதில்லை. அன்று விட்டேன்.

தலைவர் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"சூப்பிரெண்டு சார், அஞ்சாவது இன்னா சொல்லுது? நீங்க அடிச்சது செல்லாது சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஊரில் விதிமுறையை மதிக்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டேன் என்று அதுவரை நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன்தான்.

அன்றைக்கே அறிவிப்பை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமைக்கு அது உதவாது. வீட்டுக்கும் துறைக்கும் நடந்துகொண்டே யோசித்தேன். எனக்கும் ஒரு பாடு இருந்தது. வேலைக்காக ஊரைவிட்டுப் போன காலத்திலும் எங்கள் வீட்டுப் பெயரை வரிசையிலிருந்து நான் எடுக்கவிடவில்லை. சித்தப்பா மகன் ஒருவன் எனக்குப் பதிலாக வருடக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்தான். என் நாள் அந்த வெள்ளிக்கிழமை. ஒருவர் தன் நாளை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று பழைய வழக்கம் உண்டு. ஆனால் கொடுப்பவர் தானே தண்ணீரில் இறங்கி நின்று கொடுக்க வேண்டும். எங்கும் எழுதப்படாத வழக்கம் என்பதால் நான் கைவைக்காமல் தப்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு. கழி ஊன்றுவதும் வலை கட்டுவதும் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். நான் ஒரு சான்றாவணம் போல நின்றுகொண்டிருந்தேன். காலுக்கடியில் சேறு நழுவ, முட்டி இரண்டும் கத்தியால் குத்தியது போல வலித்தன. பிடித்த இறால் முழுக்க அந்த வீட்டுக்குப் போனது. அவன் அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். கரை ஏறியதும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தேடிப் போனது. மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்ட பிறகுதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஏழாம் நாள் வாக்கெடுப்பு. இரண்டு கை குறைந்திருந்தால் தோற்றிருக்கும். நான்காம் விதி முறைப்படி நீக்கப்பட்டது, அவன் வீட்டுக்குப் பாடு திரும்பியது. அவனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கஞ்சியும் மோருமாக இருந்தான். தோளுக்கு வைத்தியம் இனிமேல்தான் தொடங்க வேண்டும். பழையபடி எழும்பி அடிப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆணை பிறப்பித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்புகிற வர்க்கம் நான். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

மழையால் தள்ளிப்போன இறுதி ஆட்டம் அடுத்த வாரம் நடந்தது. எதிரில் தோணிரேவு, தலைமுறையாக எங்களோடு மல்லுக்கட்டும் ஊர். அடிப்பவன் இல்லாமலே எங்கள் பையன்கள் பக்கத்துக்கு ஒரு செட் என்று கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் செட்டரின் கைவண்ணம். ஆனால் இரண்டாவது செட்டின் கடைசியில் வலையடியில் இறங்கும்போது அவன் கணுக்கால் மடங்கியதை நான் பார்த்தேன். இடைவேளையில் அவன் நொண்டாமல் நடக்க மிகவும் சிரமப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். உட்கார்ந்திருக்க முடியவில்லை, பின்னாலேயே போனேன்.

"கையில இன்னா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"விதிய எடுத்தாச்சு. நீ வெளிய உக்காந்தா உன் வீட்டுப் பாடு எங்கயும் போவாது."

"தெரியும் சார். எங்க நைனாவும்தான் கை தூக்கனாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

அவன் சிரித்தான். என்னை ஒன்றும் தெரியாத ஆளாகப் பார்க்கும் சிரிப்பு.

"எதிர்ல தோணிரேவு சார்."

மூடிய கையோடு என்னைச் சுற்றிக்கொண்டு ஆடுகளத்துக்குப் போய்விட்டான். போட்டானா இல்லையா என்று பார்க்க முடியவில்லை.

மூன்றாவது செட் தொடங்கியது. முதல் பந்து முடிந்ததும் எழுந்து எல்லைக்கோட்டருகே போய், இரண்டு முன்னங்கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றினேன். ஆள் மாற்ற வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. விதிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. அந்தப் பருவம் முழுக்க நான் பெஞ்சை விட்டு எழுந்தவனில்லை என்பதால் நடுவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். தாளில் என் பெயர் இருந்தது. விசில் ஊதினார்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. பென்ஷன் வாங்குகிறவன் ஊட்டில் கெடக்க வேண்டியதுதானே என்பது அதில் மிகவும் மரியாதையான பகுதி. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். செட்டர் களத்தின் நடுவில் நின்று, வேறு யாரையாவது கூப்பிடுகிறேனா என்று திரும்பிப் பார்த்தான். அப்புறம் வெளியே வந்தான். இப்போது நொண்டலை மறைக்கவில்லை.

பெஞ்சில் எனக்கு எதிர்முனையில் உட்கார்ந்தான். அவன் இடத்தில் போன பையன் தூக்கிய முதல் பந்தே வலையில் மோதி விழுந்தது. தோணிரேவு பக்கம் குதித்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அடுத்த வருசம் கோச்சுன்னு வேற ஆளு பேர எழுதிடுவாங்க சார்."

"எழுதட்டும். இன்னைக்குக் கட்டத்துல என் பேருதான் கீது."

அவன் கையைத் திறந்து பெஞ்சின் மேல் வைத்தான். இரண்டு மாத்திரைகள், வேர்வையில் ஈரமாகி விரலோடு ஒட்டியிருந்தன. பிறகு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. ஷூ சுலபத்தில் கழலவில்லை.